ஏறாத விலையும் ஒரு நல்ல நாளும்

1. பென்சனைப் பற்றிக் கதையுங்கோ

நான் கடைசியாக விற்ற சோலார் கூரை பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடை. தெற்குப் பார்த்த ஓட்டுக்கூரை. மரநிழல் கிடையாது, பக்கத்தில் உயர்ந்த கட்டடமும் கிடையாது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அப்படியொரு கூரையைக் கண்டால் வாய் ஊறும். அந்தக் கூரையில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என்னிடம்தான் இருந்தது. இப்போது பாரிசின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் எத்தனையோ பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்கள். நல்ல பிரெஞ்சு பேசுகிறார்கள், கணினியில் கூரையை அளக்கிறார்கள், என்னைவிடப் பத்து மடங்கு கெட்டிக்காரர்கள். அவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் அந்தோனி. மன்னார்க்காரன். பாரிசுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் உணவகங்களில் கோப்பை கழுவினேன், மரக்கறி வெட்டினேன், கடைசியில் சமைத்தேன். முதுகு போன பிறகு ஒருவரும் அடுப்படியில் எடுக்கவில்லை. ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு போன் கடைக்கு மேல் மாடியில் ஒரு சின்ன சோலார் கம்பெனி இருந்தது. அங்கே சேர்ந்தேன். வீடு வாங்கியிருக்கும் தமிழரிடம் போய், கூரையில் பனோ போடச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை. வெயிலில் மின்சாரம் தரும் தகட்டைத்தான் இங்கே எல்லோரும் பனோ என்கிறார்கள். நான் ஒருநாளும் கூரையில் ஏறியதில்லை. ஏறுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் வரவேற்பறைச் சோபாவரைக்கும்தான்.

முதல் நாள் பத்ரோன், அதாவது முதலாளி, என்னை இருத்தி வைத்துச் சொன்னார்:

"அந்தோனியண்ணை, நீங்கள் கரண்டைப் பற்றிக் கதைக்காதேங்கோ. எங்கட சனத்துக்குக் கரண்ட் விளங்காது. பென்சனைப் பற்றிக் கதையுங்கோ. அது எல்லாருக்கும் விளங்கும்."

அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், ஆள் படு சூரன். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அப்போதிருந்த சட்டப்படி, கூரையில் வரும் மின்சாரத்தை இருபது வருடத்துக்கு வாங்குவதாக அரசு உறுதி கொடுக்கும். எந்த விலைக்கு என்று முதலிலேயே எழுதிவிடுவார்கள். அந்த விலை நின்ற இடத்தில் நிற்காது. நாட்டில் கூலியும் சாமான் விலையும் ஏறுவதைப் பார்த்து, ஒரு கணக்கு வைத்து, வருடத்துக்கொருமுறை அதையும் கொஞ்சம் ஏற்றுவார்கள். பிரெஞ்சில் இதற்கு எந்தெக்சாசியோன் என்று பெயர். அந்தச் சொல்லை நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. விலைமதிப்புத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனையால் ஒரு படிக்கட்டு கீறுவேன். "ஒவ்வொரு வருசமும் ஒரு படி" என்பேன். அவ்வளவுதான், மனிசர் தலையாட்டுவார்கள்.

ஏன் தலையாட்டினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களில் பலர் வந்த புதிதில் கறுப்பில், பதிவில்லாமல் வேலை செய்தவர்கள். அந்த வருடங்கள் பென்சன் கணக்கில் வராது. அறுபது நெருங்கும்போது பென்சன் அலுவலகத்திலிருந்து கணக்கு வரும். அதைப் பார்த்துவிட்டு மனைவிக்குக் காட்டாமல் மடித்து வைத்த ஆண்களை நான் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடம் போய்த்தான், விலைவாசியோடு சேர்ந்து ஏறும் காசு என்று சொன்னேன். நானும் அந்த வரிசையில் நிற்பவன்தான். அதனால் என் குரலில் உண்மை இருந்தது.

2. காலண்டர்

என் கையில் இன்னொரு ஆயுதம் இருந்தது. அதைப் பத்ரோன் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

லா சப்பல் பலசரக்குக் கடைகளில் வருடக்கடைசியில் இலவசமாகக் காலண்டர் கொடுப்பார்கள். சாமிப் படம் போட்டு, நாளுக்கு நாள் நல்ல நேரம், ராகு காலம், சுபநாள் எல்லாம் அச்சடித்தது. ஒரு தடவை ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடிந்து, கையெழுத்து வைக்கப்போகும் நேரத்தில் வீட்டுக்காரர் எழும்பிப்போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு வேண்டாம்" என்றார். அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த நாளே ஒரு காலண்டரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு யாரும் கேட்கமுன்னம் நானே அதை எடுத்து விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, "நல்ல நாள் ஒண்டு பாத்துச் செய்வம்" என்பேன்.

நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். என் மனைவி மேரி சிரித்துச் சிரித்து வயிறு நோகப் பேசுவாள்: "பங்குச் சுவாமி கண்டாரெண்டால் உங்களைக் கோயிலுக்குள்ள விடமாட்டார். பஞ்சாங்கம் காவுற கத்தோலிக்கன்!" அந்தக் காலண்டரில் போட்டிருந்த நேரம் கொழும்புக்குரியதா சென்னைக்குரியதா என்றுகூட எனக்குத் தெரியாது. இங்கே கோடையில் மணியை வேறு மாற்றுவார்கள். யாராவது கேட்டால், "பாரிஸ் நேரத்துக்கு மாத்திப் பாத்திட்டன்" என்று சொல்லிவிடுவேன். ஒன்றையும் மாற்றியதில்லை.

இதில் எனக்கு இரண்டு லாபம். நல்ல நாளில் கையெழுத்து என்றால் அது ஒரு சின்னக் கொண்டாட்டம். குத்துவிளக்குக் கொளுத்துவார்கள், கேசரி கிண்டுவார்கள், அண்ணன் தம்பி மச்சாள்மார் நாலு பேர் வருவார்கள். அந்த நாலு பேருக்கும் வீடு இருக்கும், வீட்டுக்குக் கூரை இருக்கும். மற்றது, வீடு தேடிவந்து விற்றால், பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை விட்டு விலகலாம் என்று சட்டம் இருக்கிறது. அதற்கான படிவத்தை ஒப்பந்தத்தோடு நாங்களே கொடுக்கவேண்டும். வெள்ளைக்காரர் வீடுகளில் விற்கும் மற்றவர்களுக்கு அந்தப் படிவம் அடிக்கடி திரும்பி வருமாம். நல்ல நாளில் விளக்குக் கொளுத்தித் தொடங்கிய காரியத்தை எங்கள் ஆட்கள் ஒருவரும் இடையில் நிறுத்தியதில்லை. பத்ரோன் என்னைக் கூட்டத்தில் வைத்துப் புகழ்வார். எனக்கும் தலைகால் தெரியாத புளுகம்.

நாலைந்து நாள் தள்ளிப்போவதால் யாருக்கும் நட்டமும் வரவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கான தொடக்க விலை மூன்று மாதத்துக்கொருமுறை மாறும், மாறினாலும் சொற்பம்தான். அதனால் நாள் தள்ளுவதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

3. புதனா, ஞாயிறா

ஆர்ஜொந்தெய் வீட்டுக்காரர் யோகநாதன். ஒரு பிரெஞ்சுப் பேக்கரியில் பாண் போடுகிறவர். விடியமுன்னம் போய் மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவி பரமேஸ்வரி கிழமை நாட்களில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்தார். அது போதாதென்று சனிக்கிழமைகளில் சென்-லசார் பக்கம் ஒரு அலுவலகக் கட்டடத்தில் மெனாஜ், துப்புரவு வேலை. நாலு மாடி, எல்லாம் கம்பளம் விரித்த தரை. மேசைகளுக்குக் கீழே குனிந்து, முழங்காலில் நின்று கம்பி வயர்களுக்கிடையில் தூசு எடுக்கவேண்டும். பதினொரு வருடமாகச் செய்தவர்.

நான் முதல் தடவை போனபோது கதிரையில் இருந்து எழும்ப மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"வலது முழங்கால் தேஞ்சுபோச்செண்டு டொக்டர் சொல்லிப்போட்டார் அண்ணை. சனிக்கிழமை வேலையை விடச் சொல்லுறார். விட்டால் சீட்டுக் கட்டுறது எப்பிடி?"

சனிக்கிழமைச் சம்பளம் முழுவதையும் அவர் சீட்டில் போட்டு வந்தார். வயது போன காலத்துக்கென்று சேர்த்த காசு. இரண்டு பேருக்கும் வரப்போகும் பென்சன் சின்னது, அதுவும் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சீட்டுக் காசைத்தான் கூரையில் போடும்படி நான் கேட்டேன். தாளைத் திருப்பிப் படிக்கட்டைக் கீறினேன். யோகநாதன் அந்தப் படிகளைக் கனநேரம் பார்த்தார்.

"இது சரியான கதைதான். எங்கட பேக்கரியில விலைப் பலகை மாத்திறது நான்தான். இத்தினை வருசத்தில எத்தினை தரம் மாத்தினனான் எண்டு எனக்குத் தெரியும். காசைச் சும்மா வைச்சிருந்தால் பாண் திண்டுபோடும்."

பரமேஸ்வரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப இது ஏறி ஏறி வந்தால், நான் சனிக்கிழமை வேலையை விடலாமோ அண்ணை?"

"தாராளமா விடலாம், தங்கச்சி" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மை.

அன்று திங்கட்கிழமை. அவர்கள் தயார், பணமும் தயார். நான் வழக்கம்போலக் காலண்டரை விரித்தேன். புதன்கிழமை காலை நல்ல நாள் என்று அச்சொட்டாகப் போட்டிருந்தது. யோகநாதன் புதன் லீவு எடுக்கக்கூடத் தயாராக இருந்திருப்பார். ஆனால் பேச்சுவாக்கில் பரமேஸ்வரி, தன் அண்ணர் பொபினியில் வீடு வாங்கியிருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு வருவதாகவும் சொல்லியிருந்தார். என் கண் நேரே ஞாயிற்றுக்குப் போனது. ஞாயிறும் நல்ல நாள்தான், புதனைவிட ஒரு மாற்றுக் குறைவாக இருந்திருக்கும், அவ்வளவுதான். புதனைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு, "இந்தக் கிழமை நடுவில ஒண்டும் சரியில்லை. ஞாயிறு பதினொரு மணிக்கு அருமையான நேரம்" என்றேன்.

அன்று காலைதான் பத்ரோன் கூட்டத்தில், "சட்டம் மாறப்போகுது எண்டு கதை அடிபடுது, கையில இருக்கிறதுகளைக் கெதியா முடியுங்கோ" என்று சொல்லியிருந்தார். அப்படிக் கதை அதற்கு முன்னமும் நாலைந்து தடவை அடிபட்டது. ஒன்றும் நடந்ததில்லை. நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

4. திறக்காத மெயில்

வியாழன் பின்னேரம் சட்டம் வெளிவந்தது. வெள்ளிக்கிழமை பத்ரோன் அதை எங்களுக்கு மெயிலில் அனுப்பினார். பிரெஞ்சில் நீட்டுக்கு ஒரு தலைப்பு. மூன்று மாத விலை மாற்றம் என்று நினைத்து நான் அதைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஆர்ஜொந்தெய்யில் விளக்குக் கொளுத்தினார்கள். இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். பொபினி அண்ணர் வந்து கூரையைப் பார்த்துவிட்டு, "அடுத்த மாசம் எனக்கும் ஒண்டு" என்றார். கேசரியில் முந்திரிப்பருப்பு தாராளம். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள் காலை தொசியேயைக் கொண்டுபோய் செலினின் மேசையில் வைத்தேன். விண்ணப்பக் கோப்புகளை அனுப்புகிற பிள்ளை அவள், புதுச்சேரிக்காரி. ஒப்பந்தத் தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணா, இவங்களுக்கு இது எந்தெக்சே இல்லாத விலை. சொல்லிட்டீங்களா?"

"எந்த விலை?"

"நீங்க மெயில் பாக்கலையா? வியாழக்கிழமை வரைக்கும் வந்த தொசியேக்குத்தான் பழைய மாதிரி வருஷா வருஷம் ஏறும். இனிமே தொடக்கத்துல என்ன விலையோ, இருபது வருஷத்துக்கும் அதேதான்."

அங்கிருந்த பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தேன். தொடக்க விலை ஏறக்குறைய முந்தியதுதான், போனது அந்த ஏற்றம் மட்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம் போல இருக்கும். பாணும் பாலும் ரயில் பாசும் வருடத்துக்கு வருடம் ஏற, இந்தக் காசு மட்டும் நின்ற இடத்தில் நிற்கும். பத்தாவது வருடத்தில் அதை வைத்து என்ன வாங்கலாம், பதினெட்டாவது வருடத்தில் என்ன வாங்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு பேருக்கும் எழுபத்தைந்து வயதாகும்போது அது பேருக்கு ஒரு காசாகத்தான் இருக்கும். புதன் காலை கையெழுத்து வாங்கியிருந்தால் செலின் அன்று பின்னேரமே அனுப்பியிருப்பாள்.

பத்ரோனிடம் ஓடினேன். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தார். "விண்ணப்பம் போய்ச்சேரும் நாளில் நடைமுறையிலிருக்கும் விலை" என்றுதான் அதில் எழுதியிருந்தது. எங்கும் படிக்கட்டு இல்லை. படிக்கட்டு என் கையால் கீறியது.

"கடுதாசியில பிழையில்லை அண்ணை. பதினாலு நாள் போகட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுவம்."

"அது பொய்யெல்லே?"

"பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லேல்ல. சும்மா இருங்கோ எண்டுதான் சொல்லுறன். இந்தச் சட்டத்தோட கம்பெனி நிக்குமோ தெரியாது. கையில இருக்கிறதையும் விட்டால் உங்களுக்கும் செலினுக்கும் சம்பளம் எங்கால வாறது?"

அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அந்த மாதம் அவர் முகமே கறுத்துப்போயிருந்தது. நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு சுலபம் என்று அந்தக் கிழமைதான் தெரிந்தது. காலையில் எழும்புகிறோம், வேலைக்குப் போகிறோம், தேநீர் குடிக்கிறோம், நாள் போய்விடுகிறது. பன்னிரண்டு நாள் அப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, மேரியிடம் சொன்னேன். அவள் பகிடி ஒன்றும் விடவில்லை. "எழும்பிப் போங்கோ" என்றாள்.

5. பதின்மூன்றாம் நாள்

பின்னேரம் மூன்று மணிக்குப் போய் மணியை அடித்தேன். பையில் விலகல் படிவம் இன்னொரு பிரதி இருந்தது. அவர்கள் பெயர், முகவரி, ஒப்பந்த எண் எல்லாம் ரயிலில் வைத்தே நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும்தான் வேண்டும்.

பரமேஸ்வரி கதவைத் திறந்தார். வேலை உடுப்பு இன்னும் மாற்றவில்லை. மேசையில் ஒரு கேக் பெட்டி.

"வாங்கோ அண்ணை, நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறீங்கள். இண்டைக்கு எனக்குக் கடைசிச் சனிக்கிழமை. கூட வேலை செய்த போர்த்துக்கீசப் பெட்டையள் கேக் வாங்கித் தந்தவை."

"கடைசியோ?"

"ஓம். கையெழுத்து வைச்ச அடுத்த நாளே கடுதாசி குடுத்திட்டன். ரெண்டு கிழமை நோட்டீஸ் இண்டையோட முடிஞ்சுது. இனி ஏன் இந்த முழங்காலோட மாரடிப்பான்?"

"கடுதாசியைத் திருப்பி எடுக்க ஏலாதோ தங்கச்சி?"

"அந்த இடத்துக்கு வேற ஆள் வந்திட்டுது. நான்தான் வேலை பழக்கினனான். ஏன் அண்ணை கேக்கிறீங்கள்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. யோகநாதனையும் கூப்பிடச் சொன்னேன். இருவரையும் இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் மாறியதை, மெயிலைத் திறக்காததை, பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை. தாளை எடுத்து, படிக்கட்டுக்குப் பதிலாக நேர்கோடு ஒன்றைக் கீறிக் காட்டினேன். படிவத்தை நடுவில் வைத்து, நாளைக்குள் இதில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் இரத்து, கொடுத்த முற்பணமும் திரும்பிவரும் என்றேன்.

யோகநாதன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும். அவர் கோட்டைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், தள்ளி வைத்தார்.

"விளக்குக் கொளுத்தித் தொடங்கினதை நான் நிப்பாட்ட மாட்டன்."

"அண்ணை, காசு நட்டம். விலைப் பலகை மாத்திற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை."

"விளங்குது. எல்லாம் விளங்குது. முந்தியும் ஒருக்கா இப்பிடித்தான். பொபினியில ஒரு வீடு பாத்து, நல்ல நாள்ல அட்வான்ஸ் குடுத்து, பிறகு விலை கூடிப்போச்செண்டு விட்டனாங்கள். அந்த வருசம்தான் என்ர தம்பி ஊரில செத்தவன். முப்பத்தெட்டு வயது. காசு போனால் போகட்டும், அந்தோனி. இன்னொருக்கா என்னாலை ஏலாது."

ஒன்றுக்கும் மற்றதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. பரமேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. நீங்கள்தானே நாள் பாத்துத் தந்தது. நிப்பாட்டினால் குற்றமோ? நீங்கள் இல்லையெண்டு சொன்னால் அவர் கேப்பார்."

இந்த இடத்தில்தான் எல்லாம் இருந்தது. நான் ஒரு வசனம் சொல்லியிருக்கவேண்டும். "அந்த ஞாயிறு நான் உங்கட அண்ணரைப் பிடிக்கிறதுக்காகச் சொன்ன நாள். உண்மையான நல்ல நாள் புதன், அதை நான் மறைச்சுப்போட்டன்." அவ்வளவுதான். யோகநாதன் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார். தள்ளிவிட்டு, படிவத்தில் கையெழுத்தும் போட்டிருப்பார். நாள் பொய்யென்றால் நிறுத்துவதில் அவருக்குப் பயமேது?

வாய்வரைக்கும் வந்தது. சட்டம் மாறியதைச் சொல்ல முடிந்தது, அது அரசாங்கத்தின் வேலை. மெயில் திறக்காததைச் சொல்ல முடிந்தது, அது மறதி. பெருவிரலால் புதனை மறைத்தது அப்படியல்ல. அதைச் சொன்னால் அடுத்த நாளே லா சப்பல் முழுக்கத் தெரிந்துவிடும். நான் நாள் பார்த்துக் கொடுத்த இத்தனை வீட்டாரும் என்னைத் தேடி வருவார்கள். நான் சொன்ன பதில் இதுதான்:

"அது உங்கட விருப்பம், தங்கச்சி."

பரமேஸ்வரி எழும்பிப்போய்க் கேக்கை வெட்டி ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். நான் அதையும் சாப்பிட்டேன்.

6. ஒரு வருடத்துக்குப் பிறகு

கூரையில் பனோ ஏறியது. வேலை சுத்தம், ஒரு ஓடும் உடையவில்லை. ஏறாத விலை என்று கேள்விப்பட்டதும் பொபினி அண்ணர் விலகிக்கொண்டார், அவர் தப்பிவிட்டார். கம்பெனி அடுத்த கோடைவரைக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. செலின் வேறு இடத்தில் வேலை எடுத்தாள். எனக்குப் பென்சன் வயது வந்தது. என்னுடைய கணக்கும் வந்தது, நானும் அதை மடித்துத்தான் வைத்தேன்.

பரமேஸ்வரி இரண்டு மாதம் வீட்டில் இருந்தார் என்று அறிந்தேன். பிறகு யோகநாதனுக்குப் பென்சன் அலுவலகத்திலிருந்து புதிய கணக்கொன்று வந்தது, நினைத்ததைவிடக் குறைவு. சீட்டுக் காசு கூரையில் இருந்தது. சனிக்கிழமை வேலை எங்கும் கிடைக்கவில்லை. ஞாயிறு காலையில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் கழுவும் வேலை கிடைத்தது. ரயிலும் மெத்ரோவும் மாறிப் போகவேண்டும். முழங்காலுக்கு இப்போது ஒரு பட்டி கட்டிக்கொண்டு போகிறாராம்.

போன மாதம் அவரே என்னை அழைத்தார். மின்சாரம் வாங்குகிற நிறுவனத்திலிருந்து வருடக் கணக்கு வந்திருந்தது.

"அண்ணை, சுகமா இருக்கிறீங்களோ? ஒண்டுமில்லை, ஒரு கடுதாசி வந்திருக்கு. போன வருசத்து விலைதான் போட்டிருக்கினம். ஒருவேளை சட்டத்தைத் திருப்பி மாத்தியிருப்பினமோ எண்டு கேட்டனான்."

"இல்லை, தங்கச்சி. இது ஏறாது."

"ஓம், நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள்தான். சும்மா கேட்டுப் பாத்தனான். பரவாயில்லை. நல்ல நாள்ல செய்தது, எப்பிடியும் ஒரு வழி வரும்."

அந்தக் கடைசி வசனத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. காலண்டரை, பொபினி அண்ணரை, பெருவிரலை, புதனை, எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதுவிட்டேன் என்றும் சொல்லவேண்டும். சொல்லி முடித்ததும் மெய்யாகவே எனக்கு மூச்சு இலகுவாக வந்தது.

நான் "தங்கச்சி, தங்கச்சி" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன்.

"அண்டைக்கு நான் உங்களைக் கேட்டனான் எல்லோ, அண்ணை" என்றார். குரலை உயர்த்தவில்லை. "இப்ப ஏன் இதைச் சொல்லுறீங்கள்? இப்ப நான் இதை வைச்சு என்ன செய்யிறது?"

பிறகு அவரே தொடர்ந்தார்:

"அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் தாங்கமாட்டார். தம்பிக்காகத்தான் நிப்பாட்டாமல் விட்டவர். நான் சொல்லமாட்டன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லி முடிக்கவேண்டும். மெயிலைத் திறந்து வாசியுங்கள் என்று சொல்லலாம், அது உங்களுக்கே தெரியும். நான் படித்தது வேறு. வாடிக்கையாளர் உங்களை நேரே பார்த்துக் கேட்கும் நாளில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அது அவர்களுக்கு உதவும். நான் ஒரு வருடம் பிந்திச் சொன்னேன். என் நெஞ்சு இலேசாகிவிட்டது. பரமேஸ்வரி அதையும் சுமந்துகொண்டு, புருசனுக்குத் தெரியாமல், ஞாயிறு காலை வேலைக்குப் போகிறார்.